விரலுக்கு ஓர் உறை

கனடாவில் வாழும் நண்பர் ஒருவரின் மகள் மலையகத்துக்கு வரவிருக்கிறாள். அவளுடைய பாட்டனார் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து புறப்பட்டுப் போனவர். பெக்கோ டிரெயில் எனப்படும் நடைபாதையின் சில கட்டங்களையாவது நடந்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. என்ன சப்பாத்து, என்ன காலுறை கொண்டுவர வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தாள். "விரல் விரலாகப் பிரித்த காலுறை இரண்டு சோடி கொண்டு வா. அட்டைக்கு முழங்கால் வரை ஓர் உறை வேண்டும்" என்று இரண்டு வரியில் பதில் அனுப்பினேன். "ஏன் மாமா?" என்று மறுகடிதம் வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதுகிறேன். சம்பளப் பேச்சுவார்த்தை, தேர்தல், மண்சரிவு, வீட்டுத்திட்டம் என்று மலையகத்தைப் பற்றி நான் எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. காலுறையைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. இதெல்லாம் எழுதத்தக்க பொருளா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2023ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதம் வரை.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் அவ்வாண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. நம் முன்னோர் கரையிறங்கி, காடும் வெயிலுமாய் நடந்த அதே வழி. செய்தி சேகரிக்கச் சென்ற நான், செய்தியாளனாக மட்டும் இருக்க மனம் ஒப்பாமல் மூன்று நாட்கள் கூடவே நடந்தேன். முதல் நாள் பெருமிதத்தோடு போயிற்று. இரண்டாம் நாள் மதியம், வலது காலின் மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே நெருப்பு வைத்தாற்போல் எரிந்தது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தேன். பருத்திக் காலுறை வியர்வையில் ஊறிப் பிழியும் நிலையில் இருந்தது. விரலிடுக்கில் பெரிய கொப்புளம்.

என்னோடு நடந்துவந்த இளைஞர் ஒருவர் தம் பையிலிருந்து ஒரு சோடி காலுறையை எடுத்து நீட்டினார். கையுறையைப் போல் ஐந்து விரலுக்கும் ஐந்து அறை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பொறுமையாக ஒவ்வொரு விரலாக நுழைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தேன். கொப்புளம் மறைந்துவிடவில்லை, ஆனால் அதன்மேல் அடுத்த விரல் உரசுவது நின்றது. அன்று மாலை வரை நடந்தேன். அதே வழியை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வெறுங்காலோடு, தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்தவர்கள் எத்தனை பேர், வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்ற நினைவு அன்றிரவு தூங்கவிடவில்லை. காலைப் பற்றி எழுதுவது அற்பமான காரியம் அல்ல என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

இனி அந்தப் பெண்ணுக்கான பதிலுக்கு வருகிறேன்.

பெக்கோ டிரெயில் 22 கட்டங்களைக் கொண்ட, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமான பாதை. கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானையில் தொடங்கி, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிக அளவில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையைத் தொட்டு, அட்டன், அப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியும் அமெரிக்க உதவியும் பெற்று உருவானது. 'உருவானது' என்ற சொல்லையும் எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். பாதையின் பெரும்பகுதி, தோட்டத்து மக்கள் மலைக்கும் லயத்துக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக நடந்து நடந்து போட்ட வழி. பலகை நட்டதும் வரைபடம் போட்டதும் மட்டுமே புதிது.

இந்தப் பாதையில் காலுக்கு வரும் தொல்லைகள் மூன்று: ஈரம், இறக்கம், அட்டை.

ஈரத்திலிருந்து தொடங்குவோம். கொப்புளம் வெறும் உரசலால் மட்டும் வருவதில்லை. தோலின் மேற்பரப்பு காலுறையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் இழுபட, உள்ளேயுள்ள எலும்பு மறுபக்கம் நகர, நடுவிலுள்ள தோலடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அந்தப் பிளவில் நீர் கோக்கிறது. காய்ந்த தோலைவிட ஈரமான தோல் அதிகமாக ஒட்டும். ஆகையால் அதிகமாக இழுபடும். விரலிடுக்கில் தோலோடு தோல் ஒட்டியே இருக்கிறது. அங்கே வியர்வை போக வழியில்லை. விரல் காலுறை செய்யும் காரியம் இவ்வளவுதான்: இரண்டு தோலுக்கும் நடுவே துணியைக் கொண்டுவந்து வைக்கிறது. அந்தத் துணி ஈரத்தை உறிஞ்சி வெளியே கடத்துகிறது. உரசலைத் தான் ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் அந்தத் துணி பருத்தியாக இருந்தால் பயனில்லை. 'பருத்திதான் உடம்புக்கு நல்லது' என்பது நம்மவர்களின் அசையாத நம்பிக்கை. வேட்டிக்கும் சட்டைக்கும் அது உண்மையாக இருக்கலாம், காலுறைக்கு அல்ல. பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு விடாமல் வைத்திருக்கும். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நெடுந்தூரம் ஓடுபவர்களுக்குப் பருத்திக் காலுறையைவிட அக்ரிலிக் காலுறையில் கொப்புளங்கள் குறைவாகவே வந்தன. மலையகத்தின் மழைக்காலத்தில் இரவு துவைத்துக் காயப்போட்ட பருத்திக் காலுறை மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். நைலோன் கலந்த மெல்லிய செயற்கை இழை விரைவில் காய்ந்துவிடும். மெரினோ எனப்படும் மென்கம்பளி சற்று மெதுவாகக் காய்ந்தாலும் ஈரத்திலும் சூடு காக்கும், நாற்றமும் குறைவு. நுவரெலியாவின் குளிருக்குக் கம்பளி, அட்டன் மஸ்கெலியா மழைக்குச் செயற்கை இழை என்பது என் அனுபவக் கணக்கு. இரண்டும் கலந்தவையும் உண்டு.

அடுத்தது இறக்கம். மலை ஏறும்போது குதிகால் உழைக்கிறது. இறங்கும்போது விரல்கள் உதைபடுகின்றன. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணியிலிருந்து ஏறும் வழியில் ஏறத்தாழ 5,500 படிகள் என்று சொல்வார்கள். ஏறுகிறவர்கள் மூச்சைப் பற்றிப் பேசுவார்கள். இறங்கி வந்தவர்கள் விரல் நகத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஆகவே அளவு முக்கியம். விரல் காலுறையின் ஒவ்வோர் அறையும் விரல் நுனி வரை இழுபட்டு நிற்க வேண்டும். நுனியில் துணி தொங்கினால் அதுவே மடிந்து புதிய கொப்புளத்தைத் தரும். தையல் விரலின் மேல் உறுத்தக்கூடாது. நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மற்றொன்று, பலரும் மறப்பது: விரல்களுக்கு நடுவே நான்கு இடத்தில் துணி புகுந்தால் பாதத்தின் முன்பகுதி அகலும். ஏற்கெனவே இறுக்கமான சப்பாத்துக்குள் இதைத் திணித்தால் உள்ள சுகமும் போய்விடும். காலுறையைப் போட்டுக்கொண்டுதான் சப்பாத்து வாங்கப் போக வேண்டும். அதுவும் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில்.

மெட்டி அணிந்த பெண்கள் என்ன செய்வது என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி, எந்த வெளிநாட்டு நிறுவனத்தின் அட்டைப்பெட்டியிலும் இதற்கு விடை அச்சிடப்பட்டிருக்கவில்லை. சாதாரண காலுறைக்குள் மெட்டி பக்கத்து விரலைக் குத்தும். விரல் காலுறையில் அந்த விரலுக்குத் துணி காவல். ஆயினும் வேலைப்பாடுள்ள மெட்டி துணியைப் பிய்த்துவிடும். வழவழப்பான வளையமென்றால் இருக்கட்டும். அவள் அப்படித்தான் ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு வரை போய்த் திரும்பினாள்.

மூன்றாவது அட்டை. இங்கே விரல் காலுறை தோற்றுப் போகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் மலைக்காட்டு அட்டை பின்னலின் துளைக்குள்ளும் நூலளவு மெலிந்து நுழையும். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது. ஆகையால் கடிவாயிலிருந்து நெடுநேரம் கசியும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். அதற்கு நெருக்கமாய் நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த தனி உறை வேண்டும். உள்ளே விரல் காலுறை, அதன்மேல் அட்டை உறை, முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு. சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளும் பழைய வழக்கமும் கைகொடுக்கும், மழை கழுவிக்கொண்டு போகும் வரை.

இன்னும் சில எச்சரிக்கைகள். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவின் புல்வெளிகளில் உறைபனி படியும். அக்குளிரில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் சூடு. தனித்தனியாகப் பிரித்தால் விறைக்கும். படுக்கும்போது சாதாரண கம்பளிக் காலுறையே நல்லது. மலையுச்சியில் பாதணியைக் கழற்ற வேண்டும், கல் நனைந்திருக்கும், ஆகவே காய்ந்த சோடி ஒன்று பையில் இருக்கட்டும். ஒட்டுவிரல் உள்ளவர்களுக்கும், இரண்டாம் விரல் மிக நீண்டவர்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், என் வயதில் அப்படிப் பலர், எந்தப் புதிய காலுறையையும் மருத்துவரைக் கேட்காமல் நெடும்பயணத்துக்கு அணியக்கூடாது. வாங்கியவுடன் மலைக்குப் போடாமல், வீட்டைச் சுற்றியும் கடைவீதிக்கும் ஒரு வாரம் போட்டுப் பழக வேண்டும்.

நிற்க. இவ்வளவும் எழுதி அனுப்பினால் நண்பரின் மகள் திருப்தியடைந்துவிடுவாள். எனக்குத்தான் திருப்தியில்லை.

நான் நடைபயணத்திலிருந்து திரும்பிய சில மாதங்களுக்குப் பின், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மூலம் மூன்று சோடி விரல் காலுறைகளை வரவழைத்தேன். அட்டனில் நான் ஏறி இறங்கிய கடைகளில் அவை கிடைக்கவில்லை. துவைத்துக் கொடியில் போட்டிருந்ததை, மஸ்கெலியாத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் என் சித்தி மகள் பார்த்துவிட்டாள்.

"இது கைக்கா, காலுக்கா அண்ணே?"

காலுக்கு என்றேன். ஏன் என்று விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் காட்டினாள். நான்கு விரலிடுக்கிலும் தோல் வெளுத்து ஊறி வெடித்திருந்தது. சேற்றுப்புண்.

"மழை மாசத்துல எங்களுக்கு இப்பிடித்தான்."

எனக்கு அது புதிய காட்சியல்ல. என் அம்மாவின் கால்களும் அப்படித்தான் இருந்தன. இரவில் அடுப்படியில் உட்கார்ந்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து விரலிடுக்கில் தடவிக்கொள்வாள். எரிச்சலில் பல்லைக் கடிப்பாள். விடியற்காலை பிரட்டுக்குப் போய்விடுவாள். பேராதனைக்குப் படிக்கப் போனபோது எனக்கு முதன்முதலாகச் சப்பாத்தும் காலுறையும் வாங்கித் தந்தது அந்தக் கால்களின் உழைப்புத்தான். அக்காலுறையை அணிந்த முதல் நாளில் எனக்கு ஏற்பட்டது பெருமையா வெட்கமா என்று இன்றும் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

தோட்டத் தொழிலாளியின் பாதம் வரலாற்றில் ஒருமுறை அதிகாரத்தின் கவனத்தைப் பெற்றது. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணில் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது. விரலிடுக்கு அதற்கு வாகான வாசல். குடலில் தங்கி இரத்தத்தைக் குடித்து ஆளை வெளுக்கச் செய்கிறது. அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் மன்றம் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. தொழிலாளருக்கு மருந்து கொடுத்தார்கள். கழிப்பிடம் கட்ட வேண்டும் என்றபோது செலவைக் கேட்டுத் துரைமார் தயங்கினார்கள். வேலைக்கு உடம்பு தெம்பாக இருக்க வேண்டும், அதற்குக் காசு செலவாகக்கூடாது என்ற கணக்கு அன்று தொடங்கியதல்ல, அன்றோடு முடிந்ததுமல்ல.

இன்று மலைக்கு வருகிற நடைபயணிக்கு விரல் காலுறை, அட்டை உறை, நீர்புகாச் சப்பாத்து என்று எல்லாம் உண்டு. வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு வாரம் நடப்பார், சுகமாக நடக்கட்டும். அதே சரிவில் ஆண்டு முழுவதும் நிற்கிறவளுக்கு இறப்பர்ச் செருப்பும் இடுப்பில் கட்டிய படங்கும்தான். ஒரு நல்ல விரல் காலுறை 15 முதல் 20 அமெரிக்க டொலர். நம் காசில் ஐயாயிரம் ரூபா அளவில். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளமோ, அரசு தரும் 200 ரூபா வரவு ஊக்கத்தொகையையும் சேர்த்து 1,750 ரூபா. ஒரு சோடிக்கு மூன்று நாள் உழைப்பு.

'தொழிலாளி இதையெல்லாம் அணிந்து வேலை செய்ய முடியுமா, இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குப் பொருள் அல்லவா' என்று அலுவலகத்து இளைய நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு ஜப்பானைக் காட்டுகிறேன். பெருவிரலைத் தனியே பிரித்த 'தாபி' என்னும் காலுறை அங்கே பழைய வழக்கம். வாரை விரலிடுக்கில் பிடித்து நடக்கும் செருப்புக்கு ஏற்றது. 1920களில் இஷிபாஷி ஷோஜிரோ அதற்கு இறப்பர் அடிப்பாகம் ஒட்டி 'ஜிகா தாபி' என்ற பெயரில் பெருமளவில் உற்பத்தி செய்தார். வாங்கி அணிந்தவர்கள் சுரங்கத்திலும் வயலிலும் கட்டட வேலையிலும் உழைத்தவர்கள். அந்த வருவாயில் காலூன்றித்தான் அவர் 1931இல் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனத்தை நிறுவினார். விரலைப் பிரித்த உறை நடைபயணியின் பைக்குள் வருவதற்கு முன்பே தொழிலாளியின் காலில் இருந்தது.

இங்கே இறப்பர் விளைகிறது. உலகத்துக்கே டயர் ஏற்றுமதி செய்கிறோம். வெளிநாட்டுப் பெயர்களில் விற்கும் உள்ளாடைகளையும் விளையாட்டு உடைகளையும் இந்நாட்டுப் பெண்களின் கைகளே தைக்கின்றன. வழுக்காத அடிப்பாகமும் அட்டை நுழையாத நெருங்கிய துணியும் விரல் பிரித்த முன்பகுதியும் கொண்ட ஒரு காலணியைக் கொழுந்தெடுப்பவளுக்காக வடிவமைக்க நமக்குத் திறமை இல்லையா? யாரும் கேட்கவில்லை என்பதே காரணம். சம்பளப் பேச்சுவார்த்தைகளைப் பல ஆண்டுகள் செய்தியாக்கிய நானும் கேட்கவில்லை. கத்தியும் கூடையும் தொழிற்கருவி என்றால் காலணியும் தொழிற்கருவிதான். அது நிவாரணப் பொதியில் போடும் தருமப் பொருள் அல்ல. தொழில் உடன்படிக்கையில் எழுதப்பட வேண்டிய உரிமை. அடுத்த முறை மேசையில் உட்காருகிறவர்கள் ரூபா கணக்கோடு இதையும் ஒரு வரியாகச் சேர்க்கட்டும்.

மூன்று சோடியில் ஒன்றைத் தங்கையிடம் கொடுத்திருந்தேன். செருப்போடு போட்டுக்கொண்டு இரண்டு வாரம் மலைக்குப் போனாள். போனில் பேசினேன்.

"இடுக்கு காஞ்சிருச்சு அண்ணே, எரிச்சல் இல்ல. ஆனா அட்டை உள்ள வந்துருது. அடிப்பக்கம் கல்லுல தேஞ்சு ஓட்டையாயிருச்சு." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இன்னும் கெட்டியா ஒண்ணு செஞ்சா நாங்க எல்லாரும் போடுவோம்."

கனடாவிலிருந்து வருகிற பெண்ணுக்கு இன்று மீண்டும் எழுதினேன். இரண்டு சோடி என்று சொன்னதை மூன்று சோடி என்று திருத்திக்கொள்ளச் சொன்னேன். மூன்றாவது யாருக்கு என்பதை அவள் இங்கே நடந்து பார்த்துத் தானாகவே தெரிந்துகொள்ளட்டும்.